மலையடிவாரத்தில் ஒரு மேசை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு பெரிய முகூர்த்தத்துக்கும் மறுநாள் உங்கள் நாளிதழில் ஒரு படம் வரும். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் தெருவில் வேனும் காரும் நகர இடமில்லாமல் நிற்கும். நடுவில் மாலையும் கழுத்துமாகப் பத்துப் பதினைந்து ஜோடிகள். கல்யாணக் கூட்டத்தில் ஊர் திணறியது என்று கீழே இரண்டு வரி. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனதில் ஒரே கேள்விதான் வரும். இவர்களில் எத்தனை பேர் கல்யாணத்தைப் பதிய அடுத்த மூன்று மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துப் படி ஏறப்போகிறார்கள்?

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2003-இல் இதே கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். முதலாளி அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபிறகு நானே எடுத்து நடத்துகிறேன். திருமணப் பதிவு விண்ணப்பம், வாரிசுச் சான்றிதழ் மனு, உயில், ஜீவனாம்ச மனு என்று இந்தக் கையால் அடித்த காகிதத்துக்குக் கணக்கில்லை. கல்யாணத்தன்று யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு காகிதம் இருபது வருடம் கழித்து ஒரு பெண்ணை எப்படி அலையவைக்கிறது என்பதைக் கடையில் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயும் பார்த்தேன்.

என் அக்காவுக்கு 1996 ஆவணியில் திருவந்திபுரத்தில்தான் கல்யாணம். மலைமேல் ஹயக்ரீவர் சன்னதிப் பக்கம் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஜோடி. எங்கள் மேளம் எது, பக்கத்து ஜோடியின் மேளம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். கோயில் ரசீது, பத்திரிகை, ஓர் ஆல்பம். அந்தக் கல்யாணத்துக்கு எழுத்தில் இருந்த சாட்சி அவ்வளவுதான். பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் தோன்றவில்லை, மாப்பிள்ளை வீட்டிலும் தோன்றவில்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. கடலூர்க்காரர்களுக்கு அந்த நாளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அக்கா குடியிருந்த ஓட்டு வீட்டில் பாதிக் கூரை போய்விட்டது. பீரோ மேல் இருந்த ஆல்பம் நனைந்து ஊறியது. காயவைத்துப் பிரித்தபோது படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தன. மாமா தாலி கட்டுகிற படத்தில் அவர் கை இருக்கிறது, மஞ்சள் கயிறு இருக்கிறது. அக்காவின் முகம் எதிர்ப்பக்கத்துப் படத்தோடு போய்விட்டது. முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. ரசீதும் பத்திரிகையும் கூழாகவே போய்விட்டன.

2018-இல் மாமா மாரடைப்பில் இறந்தார். அவர் வேலை பார்த்தது ஒரு தனியார் தொழிற்சாலையில். வேலைக்குச் சேரும்போது கல்யாணம் ஆகாதவர் என்பதால் வைப்பு நிதிப் படிவத்தில் நாமினியாக அவர் அம்மா பெயரைக் கொடுத்திருந்தார். பிறகு அதை மாற்றவே இல்லை. குடும்பம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு முன்னால் கொடுத்த நியமனம் தானாகவே செல்லாமல் போகும் என்பது வருங்கால வைப்பு நிதித் திட்டத்திலேயே உள்ள விதி. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. கவுண்டரில் இருந்தவரும் சொல்லவில்லை. "கல்யாணச் சான்றிதழ் எடுத்துட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அக்கா அந்த ஆல்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். அதை வெளியே எடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் நோட்டரி பிரமாணம் என்று பதினேழு மாதம் ஓடியது. மாமியார் நல்ல மனுஷி. கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் மட்டும் மனம் மாறியிருந்தால் என் அக்கா இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியதை நீதிமன்றத்தில் நின்று நிரூபித்திருக்க வேண்டும். பதிவு செய்யாததால் ஒரு திருமணம் செல்லாமல் போய்விடாது, அதை இந்துத் திருமணச் சட்டமே சொல்கிறது. ஆனால் செல்லும் என்று காட்டுகிற பாரம் முழுவதும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. பெரும்பாலும் புருஷனைப் பறிகொடுத்த மாதத்திலேயே விழுகிறது.

இப்போது சட்டம் தெளிவாக இருக்கிறது. எந்த மதத்தவரானாலும் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். இந்த 150 நாள் கணக்கைத் தெரிந்துகொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் குறைவு. பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் சேர்க்கவோ விசாவுக்கோ கேட்டபிறகுதான் ஓடிவருகிறார்கள். அப்போது குழந்தை தோளில் இருக்கும். நாள் கடந்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் ஒரு வழி உண்டு. நடந்து முடிந்த திருமணத்தை அதில் பதியலாம். அதற்கும் முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இரண்டு பேரும் உயிரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கவும் வேண்டும். என் அக்காவுக்கு அந்த வழியும் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நல்ல முகூர்த்த நாளில் நிலம் பதிய வருகிறவர்கள் அதிகம் என்று பதிவுத்துறை பத்திரப் பதிவுக்குக் கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. அதே முகூர்த்தத்தில் திருவந்திபுரத்தில் நூற்றுக்கு மேல் கல்யாணம் நடக்கிறது. பெண், மாப்பிள்ளை, இரண்டு வீட்டுப் பெற்றோர், சாட்சி சொல்லும் உறவினர் எல்லோரும் ஒரே இடத்தில், ஆதார் அட்டை கையில் இருக்க நிற்கிறார்கள். கோயிலும் அறநிலையத்துறையின் கீழ்தான் இருக்கிறது. பதிவுத்துறையும் அறநிலையத்துறையும் பேசி, முகூர்த்த நாளில் மட்டும் மலையடிவாரத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் அலுவலர் என்று போட்டால் என்ன? விண்ணப்பத்தை இணையத்தில் முன்கூட்டியே அடித்துவிடலாம். அன்றைக்கு வேண்டியது கையெழுத்தும் சரிபார்ப்பும்தான். சாப்பாட்டுப் பந்திக்கு நிற்கிற நேரத்தில் முடிந்துவிடும். மறுநாளே மாப்பிள்ளை திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுகிறார். பிறகு எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து மஞ்சக்குப்பத்துக்குக் கூட்டிவருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயதுக் கணக்கு அந்த மேசையில் இன்னொரு முறை பார்க்கப்படும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அம்மா மகளோடு கடைக்கு வந்தார். பள்ளி மாற்றுச் சான்றிதழை நீட்டி, பிறந்த வருடத்தை மட்டும் "கொஞ்சம் சரிபண்ணி" ஜெராக்ஸ் போட முடியுமா என்று கேட்டார். பெண்ணுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் லேமினேஷன் மெஷினையே பார்த்துக்கொண்டு துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று அனுப்பிவிட்டு 1098-க்குப் போன் செய்தேன். அதற்காக அந்த அம்மா இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

சரி, கோயிலே வேண்டாம் என்கிறவர்களுக்கு? என் பெற்றோரே அப்படிப்பட்டவர்கள்தான். 1964-இல் கடலூர் முதுநகரில் மாலை மாற்றிக்கொண்டு சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார்கள். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்த காலம் அது. அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தார். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு தமிழ்நாட்டுக்கென்று சேர்க்கப்பட்டது. உறவினரோ நண்பரோ வேறு யாராவதோ முன்னிலையில், இவரை என் கணவராக, மனைவியாக ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். அதற்கு முன்னால் அப்படி நடந்த திருமணங்களும் செல்லும் என்று அந்தச் சட்டம் பின்னோக்கியும் கை நீட்டியது. மூன்று வருடமாகச் சட்டத்தின் கணக்கில் கல்யாணமே ஆகாதவளாக இருந்த என் அம்மா, அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்ததாகச் சொல்வாள்.

இந்த 7ஏ பிரிவு இன்றைக்கும் சாதி மாறிக் காதலிக்கிற பிள்ளைகளுக்கு நிழலாக இருக்கிறது. ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் இளவரசன் என்பவர் தொடுத்த வழக்கில் சொன்னது. வக்கீல்கள்கூட நண்பர் என்ற முறையில் முன்னிலை வகிக்கலாம். ஆனால் ஒன்றை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். மாலைகூட மாற்றாமல், நேரே வந்து "சர்டிபிகேட் மட்டும் போடுங்கக்கா, கல்யாணத்தைத் தையில வச்சுக்கறோம்" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். கடனுக்கு வேண்டும், விசாவுக்கு வேண்டும் என்பார்கள். சடங்கு எதுவும் நடக்காமல் வாங்கிய சான்றிதழால் இந்துத் திருமணம் ஆகிவிடாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாலி இருந்து காகிதம் இல்லாத என் அக்காவுக்கு ஒரு கஷ்டம் என்றால், காகிதம் இருந்து கல்யாணம் நடக்காத இந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு கஷ்டம் காத்திருக்கிறது.

மதம் மாறாமல் இரண்டு மதத்தவர் கட்டிக்கொள்ள 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். அத்தை மகள், மாமன் மகள் இந்தச் சட்டத்தில் கட்டக்கூடாத உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. இந்துத் திருமணச் சட்டம் நம் வழக்கத்துக்கு இடம் கொடுப்பதால் அங்கே அந்தச் சிக்கல் இல்லை.

முப்பது நாள் அறிவிப்பைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பெயர், வயது, முகவரி எல்லாம் பலகையில் ஒட்டப்படும். சொந்த ஊர் வேறு எல்லையில் இருந்தால் அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும். எந்த ஊரிலிருந்து தப்பி வந்தார்களோ அதே ஊருக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறோம். நான் கடையில் வேலைக்குச் சேர்ந்த அந்த 2003-இல்தான், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை முருகேசனும் கண்ணகியும் மே மாதம் இதே கடலூரில் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் இரண்டு பேரையும் நஞ்சு புகட்டிக் கொன்றுவிட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2025-இல். அந்தப் பிள்ளைகள் எந்தச் சட்டத்தின்கீழ் பதிந்தார்கள் என்பது இங்கே கேள்வி இல்லை. ரகசியம் எவ்வளவு பெரிய உயிர்க்காப்பு என்பதற்காகச் சொல்கிறேன். அன்றிலிருந்து, சாதி மாறிக் கட்டிக்கொள்கிற ஜோடி வந்தால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் அவர்கள் விண்ணப்பத்தை அடிக்கிறேன்.

கல்யாணமே இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று ஒரு பதிவேடு இல்லை. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் "திருமணத்தை ஒத்த உறவு" என்று சொல்லி அந்தப் பெண்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் 2010-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை போட்டது. இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக, ஊரறியத் தம்பதிபோல நீண்ட காலம் வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே முதல் மனைவி இருக்கும்போதே தாலி கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு, இருபது வருடம் சோறாக்கிப் போட்டிருந்தாலும், மனைவி என்ற உரிமை இல்லை. அவள் பிள்ளைகளுக்கு மட்டும் அப்பாவின் பங்கில் உரிமை உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதையும் உறுதி செய்தது. இதைச் சொன்னால் அந்தப் பெண்கள் அழுவதில்லை. "பசங்களுக்கு உண்டு இல்ல, அது போதும்" என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத்தான் அடுத்த வரி அடிக்க விரல் ஓடாது.

புதுப்பாளையத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருபால் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்தபிறகு, ஒருவர் பெயரில் இன்னொருவர் உயில் எழுதி வைக்க வந்திருந்தார்கள். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சிகள் போதும். ஆனாலும் பதிந்துகொள்ளுங்கள் என்று சொன்னேன். கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினி நியமனத்துக்கும் அவர்களுக்குத் தடை இல்லை என்று 2024-இல் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியதையும் சொல்லி அனுப்பினேன். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்று இல்லை என்று 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றத்தில் 2023-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட ஜோடிகளுக்குக் குடும்ப உறவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்யலாம் என்று யோசனை சொன்னார். அதை அரசு கையில் எடுக்க வேண்டும். மருத்துவமனையில் "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்கும்போது காட்ட அவர்களுக்கும் ஒரு தாள் வேண்டாமா?

இருபது கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் என் அத்தை இருக்கிறார். சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டவர். அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனான்சான் குடும்பங்களுக்கு இந்துத் திருமணச் சட்டமே பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அத்தை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் என்பதால் அவரிடம் ஒரு குடும்பப் புத்தகம் இருக்கிறது. லிவ்ரே என்பார். சின்னப் புத்தகம்தான். முதல் பக்கங்களில் மாமாவும் அத்தையும், அப்புறம் பிள்ளைக்கு ஒரு பக்கம். இரண்டு வயதில் இறந்துபோன மூத்த பையனின் பக்கத்தில் பிறந்த தேதிக்குக் கீழே இறந்த தேதியும் இருக்கிறது. மாமா இறந்தபோது அத்தை அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அவர் யாரென்று யாரும் கேட்கவில்லை. பென்ஷன் அவர் பெயருக்கு மாறியது.

அத்தையின் பேரன் பிரான்ஸில் ஒரு பெண்ணோடு பாக்ஸ் (PACS) என்ற ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வாழ்கிறான். 1999-இல் அங்கே வந்த ஏற்பாடு அது. வயது வந்த இரண்டு பேர், ஆணும் பெண்ணுமோ ஒரே பாலினத்தவரோ, சேர்ந்து வாழ்வதாக ஒப்பந்தம் போட்டு நகராட்சியில் பதிந்துகொள்ளலாம். வரிக் கணக்கைச் சேர்ந்து காட்டலாம். பிரிய நினைத்தால் ஒருவர் மட்டும் அறிவித்தாலும் போதும். ஆனால் அதில் ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சொத்து தானாக வராது, பென்ஷனும் வராது. அதனால் பேரன் உயிலும் எழுதி வைத்திருக்கிறான். அத்தைக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. எனக்கு அதைப்பற்றி நல்லது கெட்டது சொல்லத் தோன்றவில்லை. அங்கே கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கையில் ஒரு தாள் இருக்கிறது என்பதைத்தான் நான் கவனித்தேன்.

பதிவுத்துறை அமைச்சரும் அறநிலையத்துறை அமைச்சரும் இந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். வருகிற தை முகூர்த்தத்துக்கு முன்னால் திருவந்திபுரத்தில் சோதனைக்காக ஒரே ஒரு நாள் அந்த மேசையைப் போட்டுப் பாருங்கள். படிவம் நிரப்பிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். என் அக்கா மகளுக்கும் தையில் அதே மலையில்தான் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, நான்கு நாள்தான் லீவு. விண்ணப்பத்தை இப்போதே அடித்து வைத்திருக்கிறேன். முகூர்த்தத் தேதிக் கட்டமும் கையெழுத்துகளும் மட்டும் பாக்கி. முதல் சாட்சி இடத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது.

(அக்காவின் சொந்த விஷயம் இதில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை நடத்தும் ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.